ஏலத்துக்கு வந்த சீருடை

சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் லோயிஸுக்கு நாள் கிழமை எதுவும் கிடையாது. தோத்தாபுரி மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பெல்ட்டின் ஓரமாக நின்று அழுகலைப் பொறுக்கித் தள்ள வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பான், பார்த்தால் கத்துவான். காம்பிலிருந்து வடிகிற பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். அந்தக் கையால் குழம்புச் சோற்றைப் பிசைந்தால் எரிச்சல் உயிர் போகும். அதனால் சீசன் முடிகிற வரைக்கும் அவள் ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். 'துரைசாணி அம்மா துன்றாங்க பாரு' என்று புருஷன் கிளமென்ட் கேலி செய்வான். அவன் வாடகை வேன் ஓட்டுகிறவன். காணிப்பாக்கம், திருப்பதி, காளஹஸ்தி என்று பக்தர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவதில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

சீசன் இல்லாத மாதங்களில் லோயிஸ் காணிப்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுவாள். மொத்தத்தில் ஓய்வு என்று ஒன்று அவள் ஜாதகத்தில் இல்லை. கிறிஸ்தவளுக்கு ஏது ஜாதகம் என்று கேட்கக்கூடாது, பேச்சுக்குச் சொல்வதுதான். உடம்பு களைத்தால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். லோயிஸின் களைப்பு தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வருகிற களைப்பு.

இத்தனை பாடும் ஒரே பெண்ணுக்காக. ஷோபா ஊர் ஓரத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகிறாள். நன்றாகப் படிக்கிற பெண். ஃபீஸைக்கூட எப்படியோ தவணை சொல்லி, கெஞ்சி, கட்டிவிடலாம். சீருடைக்குத் தவணை கிடையாது. எட்டாம் வகுப்பு வரைக்கும் பரவாயில்லை, மெரூன் கட்டம் போட்ட துணி. பஜார் தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். லோயிஸ் பாவாடையின் அடியில் நாலு விரல் மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுவாள். பெண் வளர வளர மடிப்பை அவிழ்த்துவிட்டுக்கொண்டே போவாள். ஒன்பதுக்கு வேறு சீருடை. சாம்பல் நிறத்தில் மெல்லிய நீலக் கோடு, கழுத்துப்பட்டையில் பள்ளியின் சின்னத்தைத் துணியோடு சேர்த்தே நெய்திருப்பார்கள். திருப்பதியில் ஒரே ஒரு கடையில்தான் அது கிடைக்கும், அதுவும் ரெடிமேடாக. கட்டாயம் இரண்டு செட் வேண்டும். மடிப்பு கிடிப்பு ஒன்றும் நடக்காது.

ஏப்ரலில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது லோயிஸ் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றாள். தெலுங்கில்தான் கேட்டாள். இந்தப் பக்கத்தில் கோபத்தைத் தமிழிலும் கோரிக்கையைத் தெலுங்கிலும் சொல்வதுதான் பழக்கம். ஊரில் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரே நிறம், ஒரே துணி என்று வைத்துவிட்டால் என்ன, எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்குமே, அவரவர் பள்ளியின் பேட்ஜை மட்டும் குத்திக்கொண்டால் போதாதா, ஒரு பிள்ளைக்குச் சின்னதானால் வேறு பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்றாள்.

கரஸ்பாண்டென்ட் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற வெங்கடலட்சுமிதான் பதில் சொன்னாள். அவளும் லோயிஸ் மாதிரி நாளெல்லாம் நின்று சம்பாதிக்கிறவள்தான். லோயிஸின் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒன்னுன்னா நாம எதுக்குக்கா ராத்திரி பகலா பாடுபட்டுக்கினு இந்த ஸ்கூலுக்கு அனுப்பணும்? என் பொண்ணு ரோட்ல நடந்து போனா இன்ன ஸ்கூலுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

நாலு பேர் கைதட்டினார்கள். லோயிஸ் உட்கார்ந்துவிட்டாள். வெங்கடலட்சுமி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஃபேக்டரியில் யாராவது 'உம் பொண்ணு எந்த ஸ்கூலு?' என்று கேட்டால், பதில் சொல்லும்போது தன் முதுகும் நிமிர்வது அவளுக்குத் தெரியாதா என்ன. ஏழைக்குப் பெருமை விற்கிறார்கள், ஏழையும் அதை வரிசையில் நின்று வாங்குகிறாள். வேறு என்ன சொல்ல?

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, தபிதா அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். தபிதா சபையில் பெரிய குடும்பத்து மருமகள். மாமனார் கிருபானந்தம் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தபிதா பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக்கூடக் காதில் விழாது, அப்படி ஒரு மெல்லிய சுபாவம்.

"அக்கா, எங்க பொண்ண பாதி வருஷத்துலயே வேலூர் ஆஸ்டலுக்கு மாத்திட்டோம்ல. அவளோட நைன்த் யூனிஃபார்ம் ரெண்டு செட்டு அப்படியே கீது. ஷோபாவுக்கு அளவு சரியா இருக்கும். தப்பா எடுத்துக்கல்லன்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்கினு போங்க."

தப்பாக எடுத்துக்கொள்வதாவது. லோயிஸுக்கு அந்த இடத்திலேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணலாம் போலிருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டுமே. வாசல் வராந்தாவில் கிருபானந்தம் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். 'வாம்மா லோயிஸ், இன்னா வேணும்?' என்று கேட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷருக்குத் தொண்டை பெரிசாக இருந்தால் ஏழைக்குத்தான் கஷ்டம்.

"வீட்டுக்கு வேணாம் தங்கச்சி," என்றாள் லோயிஸ். "வர்ற சனிக்கிழமை பூ அலங்காரத்துக்கு நீ கோயிலுக்கு வருவ இல்ல, அப்ப வெஸ்ட்ரில வெச்சிடு. ஞாயித்துக்கிழமை காலையில நான் எடுத்துக்கறேன்."

வெஸ்ட்ரி என்பது ஆலயத்தின் பக்கவாட்டில் போதகர் அங்கி மாற்றுகிற சின்ன அறை. அன்று வீட்டுக்குப் போய் ஷோபாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பழசுதான், ஆனால் புதுசு மாதிரி என்றாள். பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"யாருக்கும் தெரியாதில்ல?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப சரி," என்றாள் ஷோபா. பேரம் அவ்வளவுதான். எந்தத் தாயாலும் கொடுக்க முடிகிற வாக்குதான் என்று லோயிஸ் நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மற்ற ஊர்ச் சபைகள் எப்போது வைக்கின்றனவோ, இந்தச் சபையில் மாங்காய் சீசனில், பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை. கையில் நாலு காசு புழங்குகிற காலம் அதுதானே. மாம்பழக் கூடை, பூசணிக்காய், சேவல், கேக், பூவேலை செய்த தலையணை உறை என்று ஆளுக்கொன்று கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் பரப்பி, போதகர் ஜெபம் பண்ணுவார். அதற்கப்புறம் வெளியே பந்தலில் ஏலம். அந்த ஏலத்தில் எந்தப் பொருளும் அதன் விலைக்குப் போகாது, போகவும் கூடாது. ஒரு எலுமிச்சம்பழம் ஒரு கோழியின் விலைக்குப் போகும். ஒருவர் கேட்ட விலைக்கு மேல் அடுத்தவர் கேட்பது போட்டிக்காக இல்லை, பக்திக்காக. ஆண்டவருக்கு வைத்ததை மலிவாக விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது.

பண்டிகை நாள் காலையில் வெஸ்ட்ரியில் என்ன இருந்தாலும் அது காணிக்கை. பிறந்ததிலிருந்து இதே ஆலயத்துக்கு வருகிற லோயிஸுக்கு இது தெரியாமல் இல்லை. சின்ன வயதில் யாரோ ஒருவர் மறந்து வைத்த குடைகூட ஏலத்துக்குப் போய், உரியவரே அதை இரண்டு குடை விலை கொடுத்து மீட்ட கதையைச் சொல்லிச் சிரித்தவள்தான் அவளும். ஆனால் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு எது ஞாபகம் இருக்கும்? சோர்வு உடம்பைப் பிடிக்கிறதற்கு முன்னால் புத்தியைப் பிடித்துக்கொள்கிறது.

ஞாயிறு காலை வெஸ்ட்ரிக் கதவைத் தள்ளிப் பார்த்தபோது அறை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. திரும்பிப் பீடத்தைப் பார்த்தாள். பூசணிக்காய்க்கும் சேவல் கூடைக்கும் நடுவில் தபிதாவின் துணிப்பை இருந்தது. வாயிலிருந்து சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. போய் எடுத்துவிடலாமா என்று ஒரு அடி வைத்தாள். பாடகர் குழு எழுந்து நின்றது, ஆராதனை தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் போதகர் ஜெபமும் பண்ணிவிட்டார். இனிமேல் அது ஷோபாவுடையது இல்லை, ஆண்டவருடையது.

பந்தலில் சபைச் செயலாளர் அருள்குமார்தான் ஏலம் விட்டார். வாயால் ஊரையே சிரிக்க வைக்கிறவர். சேவலைத் தூக்கி, 'ஏசுவைத் தெரியாதுன்ன பேதுருவுக்குக் கூவிப் புத்தி சொன்ன பரம்பரைங்க இது' என்று விலையை ஏற்றிவிட்டார். பையைப் பிரித்துப் பாவாடையையும் சட்டையையும் தூக்கிப் பிடித்தபோது அவருக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஸ்கூல் யூனிஃபார்ம். ரெண்டு செட்டு. ஆண்டவர் எந்த ஸ்கூல்ல சேர்றாருன்னு தெரியல. யாரு ஆரம்பிக்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. லோயிஸ் கையைத் தூக்கினாள், குறைச்சலாகத்தான் கேட்டாள். வேறு எதுவும் தோன்றவில்லை அவளுக்கு. யாரும் கேட்காவிட்டால் தனக்கே வந்துவிடும், முடிந்தது கதை என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு. ஒருத்தி ஆரம்பித்து வைத்த பிறகு அந்த ஏலத்தில் அப்படியே விட மாட்டார்கள். பின்னாலிருந்து ஒருவர் மேலே கேட்டார். அவருக்கு மேல் இன்னொருவர். அவர்கள் வீட்டில் அந்தப் பள்ளிக்குப் போகிற பிள்ளையே கிடையாது. லோயிஸ் மறுபடி கேட்டாள். ஷோபா அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள்.

"விட்ரும்மா."

லோயிஸ் விடவில்லை. கடையில் புதுசு விற்கிற விலை வரைக்கும் போய்த்தான் நின்றாள். அதற்குள் பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பி அவளையும் பக்கத்தில் இருந்த பெண்ணையும் பார்த்துவிட்டார்கள். எதற்காகக் கேட்கிறாள் என்பது சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிட்டது. இப்போதாவது யாராவது விட்டுக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அப்போது முன் வரிசையிலிருந்து கிருபானந்தத்தின் குரல் வந்தது. கடை விலையைப் போல மூன்று மடங்கு கேட்டார். தன் வீட்டு அலமாரியிலிருந்து வந்த துணி என்று அவருக்குத் தெரியாது. பெண்கள் வரிசையில் தபிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். மாமனார் கேட்கிற ஏலத்தில் மருமகள் வாய் திறப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம்.

பந்தல் கைதட்டியது. கிருபானந்தம் பையை வாங்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார்.

"இந்தத் தங்கச்சி முதல்ல இருந்து கேட்டுக்கினே இருந்தாங்க. அவங்க தேவைய ஆண்டவர் எனக்குக் காட்டினாரு. இத நான் எடுத்துக்கினு போயி இன்னா பண்ணப் போறேன்? ஷோபா, வாம்மா. நல்லாப் படிக்கணும், இன்னா?"

ஷோபா போகத்தான் வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் வாங்கினாள். போட்டோ எடுக்கிறவர்கள் 'கொஞ்சம் சிரிம்மா' என்றார்கள், சிரித்தாள். சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அந்தப் போட்டோ சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. கீழே வரிசையாகக் கைகூப்பின படங்கள். லோயிஸ் கிருபானந்தத்திடம் போய், "ஸ்தோத்திரம் ஐயா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவர் மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? கெட்டவராக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஷோபா பையை அலமாரி மேல் வைத்தாள்.

"இத நான் போட்டுக்கினு போவமாட்டேன்," என்றாள். அழவில்லை, கத்தவுமில்லை.

கிளமென்ட்டுக்குத்தான் கோபம் வந்தது. "அவரு பெரிய மனசோட குடுத்தாரு. ஆயிக்கும் பொண்ணுக்கும் இன்னா ரோசம்? பேசாம கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துடு. அங்க துணி, பை, ஷூ எல்லாம் குடுக்கறாங்க. எல்லாப் பிள்ளைக்கும் குடுக்கறாங்க, எவனும் எவனையும் கேக்கறதில்ல."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. எல்லாருக்கும் கொடுத்தால் வாங்குகிறவர்கள் தலை குனிய வேண்டியதில்லை. ஒருத்திக்கு மட்டும் கொடுத்ததுதான் பாரமாகிவிட்டது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் பெண்ணைப் பள்ளி மாற்ற லோயிஸுக்குத் தைரியம் இல்லை. "யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேங்க நானு," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் சீசன் சம்பளத்தில் முன்பணம் கேட்டு, திட்டு வாங்கி, லீவு போட்டுவிட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினாள். கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. மலைக்குப் போகிற கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் அங்கே. டோக்கன் வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். அலமாரிகளில் தட்டுக்குத் தட்டு ஒவ்வொரு பள்ளியின் பெயர் ஒட்டியிருந்தது. அவர்கள் முறை வந்தபோது கடைக்காரப் பையன் சுரேஷ்பாபு இரண்டு செட்டை எடுத்துப் போட்டான். பக்கத்துத் தட்டிலும் அதே சாம்பல் நிறத்தில் துணி அடுக்கியிருந்தது. அதில் கோடு மட்டும் சிவப்பு, விலை பாதிதான்.

"தம்பி, அதுவும் இதுவும் ஒரே துணி மாதிரி கீதே?"

"ஒரே துணிதான்கா. ஒரே மில்லு," என்றான் அவன், பில் போட்டுக்கொண்டே. "கோடு வேற, சின்னம் வேற. ஸ்கூல் வேற இல்லியா, ரேட்டும் வேற."

அவன் மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. லோயிஸுக்கும் சண்டை போடத் தெம்பில்லை. பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஷோபா ஒரு செட்டின் கவரைத் திறந்து புதுத்துணி வாசனையை முகர்ந்து பார்த்தாள். பண்டிகைக்கு அப்புறம் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான். போன காசு போகட்டும், இந்த முகத்துக்காகத்தானே என்று லோயிஸ் நினைத்துக்கொண்டாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூதலப்பட்டு வருகிற வரைக்கும் தூங்கினாள்.

பள்ளி திறந்த அன்று லோயிஸ் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஷோபா சீருடையை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, துணி கூட மாத்தல?"

"ஒன்னுமில்ல." பிறகு அவளாகவே சொன்னாள். "அந்த போட்டோ கிளாஸ்ல எல்லாருக்கும் வந்துட்டுகீது. கன்னிகா இல்ல, என் பக்கத்துல உக்கார்றவ, அவ என் கைய தொட்டுப் பாத்துட்டு, 'ஏலத்துல எடுத்தது இதானா, நல்லாத்தான் கீது'ன்னா."

"இது புதுசு, கடையில வாங்கினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'இதுலதான் எல்லாம் ஒரே மாதிரி கீதே, புதுசு எது பழசு எதுன்னு எப்டி தெரியும்'ன்னு கேட்டா. அவ கிண்டலுக்குக் கேக்கலம்மா. நெஜமாவே கேட்டா."

லோயிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பணம் வாங்கி, லீவு போட்டு, கால் கடுக்க நின்று வாங்கி வந்த புதுத்துணிக்கு அது புதுசு என்று சாட்சி சொல்ல ஊரில் ஒருவருமில்லை. ஷோபா எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த துணிப்பையை எடுத்தாள். சட்டையை உதறித் தோளில் வைத்து அளவு பார்த்தாள். தபிதா அழகாகத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"நாளையில இருந்து இத்தயே போட்டுக்கறேன். எத்த போட்டுக்கினு போனாலும் அதத்தான் சொல்லப் போறாங்க. இன்னொரு புது செட்டு கவரு பிரிக்கல. பில்லு வெச்சிகீறல்ல? திருப்பிக் குடுத்துட்டு வந்துடும்மா."

கணக்கு தெரிந்த பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். பெண் கோபித்திருந்தால் லோயிஸ் தாங்கியிருப்பாள். பள்ளிக்கே போக மாட்டேன் என்று அடம் பிடித்திருந்தாலும் சமாளித்திருப்பாள். ஒரே நாளில் இப்படி ஒத்துக்கொண்டுவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. தன் வயதில் தனக்கு வந்த இந்தச் சலிப்பு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படி வந்தது? லோயிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, எரிகிற கைகளை மடியில் போட்டுக்கொண்டு, வெட்கத்தை விட்டு அழுதாள்.

ஷோபா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதம்மா," என்றாள். "பழகிடும்."